சங்கத்து வண்டிக்கு விளக்கெண்ணெய்

எங்கள் சங்கத்துப் பிக்கப் அழுதுகொண்டேதான் போகும். கூடப் போகிறவர்கள் அழாத நாளிலும் அது அழும்.

சங்கம் என்றால் அந்திம சேவா சங்கம். கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, ரிட்டயரும் ஆகி, ஊருக்குத் திரும்ப மனமோ வீடோ இல்லாமல் தங்கிவிட்ட தென்னிந்தியர்களைக் காளிகாட்டுப் பக்கத்துக் கேவ்ராதலா சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. லேக் மார்க்கெட்டில், காப்பிக்கொட்டை வறுக்கிற கடைக்கு மேலே ஓர் அறை எங்கள் ஆபீஸ். மற்ற ஜனங்களுக்குத் தோள் கொடுக்க நாலு பேர் கிடைப்பார்கள். எங்களில் நாலு பேரைத் திரட்டினால் இரண்டு பேருக்கு ஹெர்னியா, ஒருத்தருக்கு முதுகெலும்பு விலகியிருக்கும், நாலாவது ஆள்தான் செத்துப்போனவராக இருப்பார். பிள்ளைகள் எல்லாரும் பிலாயிலும் பொக்காரோவிலும் இரும்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் ராணுவ ஏலத்தில் ஒரு பழைய பிக்கப் எடுத்தோம். வண்டிக்குக் காரியதரிசி நான்.

பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை தொங்கும். அதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். அழுகை அங்கிருந்துதான் வந்தது. மெதுவாகப் போனால் முனகல், கொஞ்சம் வேகம் பிடித்தால் ஒப்பாரி. லேக் ரோட்டில் பாட்டு சொல்லிக் கொடுத்த வத்சலா டீச்சர், வண்டி மூன்றாவது கியரில் போனால் சுத்தமான பஞ்சமம் என்று சொல்லித் தம்பூராவை அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்வாள். ஜாதவ்பூரில் வண்டி கிளம்பினால் லேக் மார்க்கெட்டில் மாமிகள் தலைக்கு ஊற்றிக்கொள்ள ஓடுவார்கள். போனது யார் என்று விசாரிப்பதெல்லாம் தலை துவட்டும்போதுதான். நான் கூட்டிச் சொல்லவில்லை. ஒரு தடவை வெறுமனே பெட்ரோல் போட எடுத்துக்கொண்டு போனதற்கு ஒரு தெருவே குளித்துவிட்டது.

வண்டி நின்ற கொட்டகை ஜாதவ்பூரில், எங்கள் தலைவர் சௌந்தரராஜன் வீட்டுக்குப் பின்புறம். ரயில்வே கணக்குப் பிரிவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். என் ஒன்றுவிட்ட அக்கா கிருஷ்ணம்மாளைக் கட்டியவர், எனக்கு அத்திம்பேர். குழந்தை இல்லை. எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில் அவருக்கு இருதயம் தளர்ந்து, கால் இரண்டும் நீர் கோத்துப் படுக்கையில் விழுந்தார். டாக்டர் தீபாவளி வரைக்கும் கெடு கொடுத்திருந்தார். அத்திம்பேருக்குச் சாவைப் பற்றிப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கிருந்த கவலை போக்குவரத்தைப் பற்றியது.

படுத்த இடத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் வண்டி கிளம்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"சேஷு, நான் முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல குரலை ஒசத்திப் பேசினதில்லை. தெரியுமோன்னோ?"

"தெரியும் அத்திம்பேர்."

"இந்தச் சனியன் மாதிரி ஊளையிட்டுண்டு என்னால போக முடியாது. ஜாதவ்பூர்லேர்ந்து காளிகாட் வரைக்கும் தெருத்தெருவா என் சாவைத் தமுக்கு அடிக்கப் போறியா? சத்தம் இல்லாம, சுத்தமா, என்னைக் கொண்டுபோய் விடணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"கார்ப்பரேஷன் வண்டி சத்தமே போடாது" என்றேன்.

"அதுல முன்னாடி யார் யாரெல்லாம் போனான்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. அதனால் குருமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

குருமூர்த்தி துறைமுகத்து ஒர்க்ஷாப்பில் என்ஜினீயர். படித்தவன், விஷயம் தெரிந்தவன். அவனிடம் இருந்த ஒரே கெட்ட குணம், கேட்டதற்கு மேலேயும் சொல்வான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான்.

"மாமா, உள்ள இருக்கறது சாதா என்ஜின் ஆயில். எவனோ ஊத்தியிருக்கான். இந்த டிஃபரன்ஷியல்ல பல்சக்கரம் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு நேரா உருளாது, வழுக்கிண்டு தேய்க்கும். சாதா எண்ணெயா இருந்தா நடுவுல நிக்காது, பிழிஞ்சு வெளில தள்ளிடும். அப்புறம் இரும்போட இரும்பு. அதுதான் அழறது. இதுக்குன்னே தொண்ணூறு நம்பர்ல ஒரு கியர் ஆயில் இருக்கு. பல்லு மேல தோல் மாதிரி ஒரு படலம் படியும். நாலு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

"நாலு வருஷம் எனக்கு வேண்டாம். தீபாவளி வரைக்கும் போறும். அந்த எண்ணெயைக் கொண்டு வா, பார்க்கறேன்."

மறுநாள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டு வந்தான். தேன் நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. அத்திம்பேர் மூடியைத் திறந்து, காப்பிப் பொடியை மோந்து பார்க்கிற மாதிரி மூக்கருகில் கொண்டுபோனார். அடுத்த விநாடி பாட்டிலை நீட்டிய கையோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"முட்டை!"

"முட்டையில்லை மாமா, கந்தகம். இரும்புப் பல்லைக் காப்பாத்தறதே அதுதான்."

"அழுகின முட்டை. ஆபீஸ்ல பானர்ஜி டிஃபன் டப்பாவைத் திறந்தா இதே நாத்தம். எனக்குத் தெரியாதா?"

"கந்தகம் பூமியிலேர்ந்து வெட்டி எடுக்கறது. சுத்த சைவம். முன்னாடியெல்லாம் இந்த மாதிரி ஆயில்ல திமிங்கிலக் கொழுப்பைக் கலந்துண்டிருந்தான். இப்போ..."

குருமூர்த்தி நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் வார்த்தை கட்டில் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"திமிங்கிலமா?"

"முன்னாடி மாமா. இப்போ நிறுத்திட்டான்."

"எப்போ நிறுத்தினான்? உன்கிட்ட வந்து சொன்னானா? மேலே முட்டை, உள்ள திமிங்கிலம். அது மேல ஏறி உட்கார்ந்துண்டு நான் பரலோகம் போகணுமாக்கும்."

"மாமா, பொணம் ஏத்தற வண்டி. அதைவிடவா தீட்டு?" என்றான் குருமூர்த்தி. படித்தவன்தானே, தர்க்கம் பேசினான்.

"பொணத்தோட தீட்டு பத்து நாள்ல போயிடும்டா. முட்டைக்கு எத்தனை நாள்னு எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்கு, சொல்லு."

துறைமுகத்துப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்ததில்லை.

வாசற்படியில் நின்றுகொண்டிருந்த டிரைவர் சிவலிங்கம் தொண்டையைச் செருமினான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். சங்கத்தில் சேர்ந்த நாள் முதல் வண்டியை நல்ல ஓட்டமாக ஓட்டினான். பின்னால் படுத்திருப்பவர் யாரும் குறை சொன்னதில்லை.

"சாமி, நான் ஒண்ணு சொல்லுதேன். மல்லிக் பஜார்ல பழைய வண்டி விக்கிறவன் என்ன செய்தான் தெரியுமா? கருப்பு எண்ணெயில மரத்தூளைக் கலந்து, காஞ்ச வாழைப்பழத் தோலையும் பிச்சுப் போட்டு மூடிருவான். சத்தம் மூச்சுக் காட்டாது. வாங்குனவன் வீடு போய்ச் சேருத வரைக்கும் கேரண்டி."

"நான் போற எடத்துலேர்ந்து திரும்பி வந்தா சண்டை போடப்போறேன்?" என்றார் அத்திம்பேர். யோசித்தார். வாழைப்பழத் தோல் அவருக்குப் பிடித்திருந்தது. மரத்தூளிலும் ஆட்சேபணை இல்லை. கருப்பு எண்ணெய் எதிலிருந்து வடித்தது என்று கேட்டதற்குத்தான் சிவலிங்கத்தால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த மாநாடு சித்திரை மாதம் முழுக்க நடந்தது. அந்த அறையில் ஜன்னல் விளிம்பெல்லாம் எண்ணெய்ப் பாட்டில். கிருஷ்ணம்மாள் அக்கா கஞ்சி கொண்டுவந்தால் வைக்க இடமில்லை. அவளுக்கு அறுபத்தாறு வயசு. அவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, கால் வீக்கத்தைத் தடவி, மறுபடியும் படுக்க வைத்து, நடுவில் எங்களுக்கும் காப்பி போட்டாள். என்ன எண்ணெய் என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு நாள் கையில் கரண்டியும் கிண்ணமுமாக வந்து நின்றாள். அவருக்கு மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற வேளை.

"ஏன்னா, இவ்வளவு யோசனை எதுக்கு? உங்க வயித்துக்கு ஊத்தறேனே வெளக்கெண்ணெய், அதையே அந்த வண்டிக்கும் ஊத்துங்கோளேன். ரெண்டும் சத்தம் போடாம போகும்."

நானும் சிவலிங்கமும் சிரித்தோம். குருமூர்த்தி கூடச் சிரித்தான். அத்திம்பேர் சிரிக்கவில்லை. கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தார். விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசுவென்று நூல் இழுத்தது.

"குருமூர்த்தி, இது கெட்டியா இல்லையா?"

"கெட்டிதான் மாமா. ஆனா..."

"செடியில காய்ச்சதா இல்லையா?"

"ஆமாம். அந்தக் காலத்து ஏரோப்ளேன் என்ஜினுக்குக் கூட ஊத்தியிருக்கா. ஆனா இந்தப் பல்லுக்கு..."

ஏரோப்ளேனுக்கு அப்புறம் சொன்னது எதுவும் கட்டில் வரைக்கும் போகவில்லை. அக்கா, "நான் கேலிக்குன்னா சொன்னேன், வேண்டாம்" என்றாள். அதுவும் போகவில்லை.

லேக் மார்க்கெட் எண்ணெய்க் கடையிலிருந்து ஒரு டின் செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெய் வந்தது. டிஃபரன்ஷியலைக் கழுவித் துடைத்து, சிவலிங்கம் அதை ஊற்றி மூடினான். அத்திம்பேர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். வண்டி கொட்டகையிலிருந்து பூனை மாதிரி வெளியே போயிற்று.

வைகாசியிலும் ஆனியிலும் சங்கத்துக்கு நல்ல வேலை. வெயில் காலம். வண்டி எல்லாரையும் சத்தமில்லாமல் கொண்டுபோயிற்று. சூடான விளக்கெண்ணெய் வாசனை வண்டிக்குப் பின்னால் ஒரு பர்லாங்கு நீளத்துக்கு வந்ததில், ஜாதவ்பூர் மெயின் ரோட்டில் கைக்குழந்தைகள் எல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டன. வத்சலா டீச்சர் வீட்டில் சுருதி கலைந்தது. யார் எப்போது போனார் என்று தெரியாமல் மாமிகள் தீட்டோடு சமைத்துவிட்டு எங்களைத் திட்டினார்கள். அத்திம்பேருக்கு முகம் தெளிந்தது. ஒவ்வொரு சவாரிக்கும் பிறகு சிவலிங்கம் வந்து கட்டிலருகே நின்று சொல்ல வேண்டும்.

"எப்படிப் போச்சு?"

"பேசாம போனாரு சாமி."

"அவரைக் கேக்கலைடா. வண்டி?"

"அதும் பேசலை."

குருமூர்த்தி மட்டும் என்னிடம் தனியாகச் சொன்னான்: "மாமா காது கேக்கற மட்டும்தான் சத்தம் இல்லை. உள்ள பல்லு தேஞ்சுண்டுதான் இருக்கும். அந்த எண்ணெய் சூட்டுல பிசினா இறுகும். ஒருநாள் மேடு ஏறறச்சே கைவிட்டுடும்." கமிட்டியில் இதை நான் சொன்னேன். நல்ல வாசனையான எண்ணெயை மாற்றி முட்டை நாற்றத்தை ஊற்ற ஒரு கையும் உயரவில்லை.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கிருஷ்ணம்மாள் அக்கா இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இட்லி ஆறின பிறகுதான் அத்திம்பேர் கூப்பிட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் வந்து பார்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினாள்.

அத்திம்பேர் அழவில்லை. "முறை தப்பிப் போச்சேடா" என்று ஒரு தடவை சொன்னார். பிள்ளை இல்லாததால் கொள்ளி அவர்தான் வைக்க வேண்டும். நடக்க முடியாத மனுஷரை நாற்காலியோடு தூக்கிப் பிக்கப்பில், அவள் கால்மாட்டில் உட்கார வைத்தோம். மடியில் நெருப்புச் சட்டி. குருமூர்த்தியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். வண்டி சத்தமில்லாமல் கிளம்பிற்று. அவளுடைய சாவு தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

டாகூரியா மேம்பாலம் ஏறும்போது, நடு ஏற்றத்தில், அடியிலிருந்து கல்லுரலில் இரும்பைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒரு வெடி. என்ஜின் உறுமிக்கொண்டேயிருக்க வண்டி பின்னால் நழுவிற்று. சிவலிங்கம் பிரேக்கை மிதித்து நிறுத்தினான். இறங்கிக் குனிந்து பார்த்தான். உருண்டையின் வயிறு பிளந்து, கருப்பட்டிப் பாகு மாதிரி ஏதோ ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் இரும்புப் பல் நாலைந்து கிடந்தன.

"என்னடா?" என்றார் அத்திம்பேர்.

"முடிஞ்சு போச்சு சாமி."

பின்னால் பஸ், லாரி, டாக்ஸி எல்லாம் நின்றுவிட்டன. ஆடி வெயில் தகரத்தில் இறங்கியது. பாலம் முழுக்க ஹாரன். முதலில் பிணத்தைக் கண்டு "ஹொரிபோல்" என்று கும்பிட்டவர்கள் கொஞ்ச நேரத்தில் "ஷொரான், ஷொரான்!" என்று கத்த ஆரம்பித்தார்கள். ஒதுக்கு என்றால் எதை ஒதுக்குவது? தள்ளலாம் என்று இறங்கினோம். பின்சக்கரம் இறுகிக்கொண்டு நகர மறுத்தது. அக்கா முகத்தில் ஈ வந்தது. அத்திம்பேர் துண்டால் விசிறிக்கொண்டேயிருந்தார்; இன்னொரு கையால் நெருப்புச் சட்டியை அணைத்துப் பிடித்திருந்தார்.

எங்களுக்கு நேர் பின்னால் நின்றது ஒரு மீன் வண்டி. கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. கூடை கூடையாக மீன், மேலே ஐஸ், ஐஸ் உருகி வண்டி வாலிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் டிரைவர் நிதாய் என்பவன் ஹாரனை அமுக்கி அமுக்கி அலுத்துப்போய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தான்.

"ஓ தாதா, கீ ஹோலோ? என்னண்ணே ஆச்சு? என் மீனெல்லாம் அழுகிடும், வண்டியை எடு..."

வந்தவன் உள்ளே எட்டிப் பார்த்தான். லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டான். பிறகு அத்திம்பேரைப் பார்த்து, வங்காளியில், சித்தப்பா, சித்தி என்று முறை வைத்து, மரியாதையாகச் சொன்னான்.

"மெஷோமொஷாய், மாஷிமாவை இப்படி வெயில்ல போடாதீங்க. என் வண்டியில கொண்டுபோய் விடறேன். ஆனா நீங்க மெட்ராஸி பிராமணர். உங்களுக்கு ஆகுமா தெரியலை. நீங்கதான் சொல்லணும்."

நான் அத்திம்பேரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. குருமூர்த்தி மெதுவாக, "மாமா, டாக்ஸி எதுலயும் ஏத்தமாட்டான். கார்ப்பரேஷன் வண்டிக்கு போன் பண்ணினா சாயங்காலம் ஆகும்" என்றான்.

அவர் அக்கா முகத்தைப் பார்த்தார். வெங்காயம் கூட அந்த வீட்டில் வாரத்தில் பாதி நாள் நுழையாது. மீன்காரன் தெருவோடு போனால் வாசலில் தண்ணீர் தெளிப்பவள் அவள். ஈ மறுபடியும் வந்து உட்கார்ந்தது.

"ஏத்துங்கோ" என்றார்.

கூடைகளின் மேல் பலகையைப் போட்டு அவளை வைத்தோம். அத்திம்பேரை நிதாயும் சிவலிங்கமும் கைத்தாங்கலாக ஏற்றி, நாற்காலியையும் போட்டார்கள். ஐஸ் தண்ணீரில் வீங்கிய கால் இரண்டையும் வைத்துக்கொண்டு, சட்டி நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் குருமூர்த்தியும் ஆளுக்கு ஒரு ரோகு மீன் கூடையின் விளிம்பில் உட்கார்ந்தோம். மீன்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு எங்களையே பார்த்தன.

கரியாஹாட்டில் நிதாய் வண்டியை நிறுத்தினான். சரக்கை இறக்காமல் போக முடியாது என்று கை கூப்பினான். நான் வாழ்நாளில் அந்த மார்க்கெட்டில் கூச்சல் இல்லாத ஒரு விநாடியைப் பார்த்ததில்லை, அன்றைக்குத்தான் பார்த்தேன். அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்த மீன்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நாலு பேர் தலையிலிருந்த கம்சாத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பலகையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அடியிலிருந்து கூடைகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். பலகை ஒரு விரற்கடை ஆடவில்லை. ஒரு கிழவன் குழாயடியிலிருந்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கொண்டுவந்து வண்டியின் தரையைக் கழுவினான். அத்திம்பேரின் காலையும் கழுவிவிட்டான். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுபடியும் வண்டி கிளம்பி ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் ஓரமாகப் போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் அத்திம்பேர் தலையைச் சாய்த்து எதையோ கேட்பது போல இருந்தார். எனக்குப் புரிந்தது. நிதாய் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்ன முனகல் கூட இல்லை. முன்பக்கத்துச் சட்டத்தைத் தட்டி, தன் ஆபீஸ் வங்காளியில் கேட்டார்.

"டிஃபரன்ஷியல்ல என்னப்பா எண்ணெய் ஊத்தறே?"

நிதாய் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "எண்ணெயா மெஷோமொஷாய்? வண்டி செய்தவனே உள்ளே போட்டுத்தானே கொடுத்திருப்பான்?"

அத்திம்பேர் சட்டத்திலிருந்து கையை எடுத்துச் சட்டியைப் பிடித்துக்கொண்டார். கேவ்ராதலாவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காரியங்களைச் செய்தார். எல்லாம் முடிந்து பார்த்தால் நிதாய் போகாமல் வாசலில் காத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கும் அந்த வண்டியில்தான் வந்தோம்.

வண்டியைச் சரிசெய்யக் கமிட்டி கூடிற்று. குருமூர்த்தி மல்லிக் பஜாரில் பழைய பல்சக்கரம் ஒரு ஜோடி தேடிப் பிடித்து மாட்டினான். என்ன எண்ணெய் என்று இந்தத் தடவை அவனே அத்திம்பேரிடம் வந்து கேட்டான்.

"எதை வேணா ஊத்திக்கோ. எனக்கு அந்த வண்டி வேண்டாம்."

"இனிமே சத்தமே வராது மாமா. நான் பொறுப்பு."

"வேண்டாம்னேன். சேஷு, நீ போய் நிதாயைச் சொல்லி வை."

"எதுக்கு அத்திம்பேர்?"

"எனக்கு. அவ எதுல போனாளோ அதுல."

உயிரோடு இருக்கிற மனுஷருக்கு மீன் வண்டி பேசுவது எப்படி என்று யோசித்துக்கொண்டே கரியாஹாட்டுக்குப் போனேன். நிதாய் கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"எப்போ வேணும் தாதா?" என்றான்.

"இன்னும் இல்லை."

"மெஷோமொஷாய் எப்படி இருக்கார்?"

"ஸ்டேட்ஸ்மன் படிச்சுண்டிருக்கார்."

நிதாய் தலையைச் சொறிந்தான். பேப்பர் படித்துக்கொண்டிருப்பவருக்கு அவன் இதுவரை சவாரி எடுத்ததில்லை. "சரி. ஆனா எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். அதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் தினமும் காலையில் அந்த வழியாகத்தான் மீன் கொண்டுபோவான். அன்று முதல் வீட்டு வாசலில் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, தெருவே கேட்கிற மாதிரிக் கத்துவான்.

"மெஷோமொஷாய், ஆச்சேன் தொ?" இருக்கிறீர்கள் அல்லவா?

அத்திம்பேர் ஜன்னலிலிருந்து பதில் கொடுப்பார். "ஆச்சி, ஆச்சி." இருக்கேன், இருக்கேன்.

குரலை உயர்த்தாத மனுஷர், அதற்கு மட்டும் உயர்த்தினார். வீட்டில் வேறு யாரும் அவரோடு பேச இல்லை. ஒரு நாள் நிதாய் வரத் தாமதமானால் காப்பி குடிக்கமாட்டார். ஆவணியில் குரல் இறங்கியது. அங்கேயே வந்து தங்கிவிட்ட நான் ஜன்னலருகே நின்று அவர் சொன்னதை வாங்கித் தெருவுக்குச் சொல்வேன்.

அந்தப் புரட்டாசியில் கல்கத்தாவில் பெய்த மழையைப் பார்த்தவர்கள் அப்புறம் யாரும் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. ஜாதவ்பூரில் கழுத்தளவு தண்ணீர். எங்கள் மாடிப்படியில் கெண்டை ஒன்று மூன்று படி ஏறிவந்து, வீடு மாறி வந்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டு இறங்கிப்போயிற்று. நிதாய் வரவில்லை, வரவும் முடியாது. மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்த அத்திம்பேர் இரண்டு நாளாக அங்கிருந்த ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் போனார். கடைசியாக என்னிடம் கேட்டது, "வந்தானா?" என்பதுதான்.

சங்கத்துப் பிக்கப், நல்ல எண்ணெயோடு, கொட்டகையில் கூரை மட்டும் தெரிய முழுகியிருந்தது. நான் கழுத்து வரைக்கும் தண்ணீரில் கரியாஹாட்டுக்கு நடந்தேன். மார்க்கெட் மேடையில் நிதாய் சும்மா உட்கார்ந்திருந்தான். மீன் தானே அவரவர் வீட்டுக்குப் போய்விட்டதால் அவனுக்கு வேலை இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"வண்டி பாலத்தைத் தாண்டாது தாதா. பாலத்து மேல வரைக்கும் கொண்டு வரேன். அங்க வரைக்கும் நீங்க எப்படியாவது கொண்டு வந்துடுங்க."

ஜாதவ்பூர்ப் பிள்ளைகள் வாழைத்தண்டுகளை மூங்கில் குச்சியால் கோத்துத் தெப்பம் கட்டியிருந்தார்கள். அதில்தான் அரிசியும் பால்பவுடரும் வந்துகொண்டிருந்தன. அரிசியை இறக்கிவிட்டு அத்திம்பேரை ஏற்றினோம். சிவலிங்கம் முன்னால் கழி போட்டுத் தள்ள, நானும் குருமூர்த்தியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நீந்தாத குறையாக நடந்தோம். சத்தம் என்று எதுவும் இல்லை. நாற்றமும் இல்லை. மோட்டார் வாகனத்தில் யாருக்கும் அவ்வளவு சுத்தமான பயணம் வாய்க்காது. தெரு நெடுகத் தாழ்வாரங்களில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கை கூப்பினார்கள். அவர் மாசி மாதத்தில் கேட்டது இதைத்தான்.

பாலத்தின் உச்சியில், மழையில், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மீன் வண்டி நின்றிருந்தது. நிதாய் தரையைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தான். இருந்தாலும் வாசனை போகவில்லை. அத்திம்பேரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு நிதாய் அவர் காதருகே குனிந்தான். தினமும் கேட்பதைக் கேட்கப்போகிறானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கேட்கவில்லை. முகத்தில் இருந்த மழைத்தண்ணீரைக் கம்சாவால் துடைத்துவிட்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தான்.

ராஷ்பிஹாரி முக்கு வரைக்கும் ஓடிற்று. அங்கே தண்ணீர் என்ஜினுக்குள் புகுந்து வண்டி நின்றுவிட்டது. கேவ்ராதலா வாசலிலிருந்து முக்கு வரைக்கும் வரிசை. லாரி, தள்ளுவண்டி, கதவுப் பலகை, கட்டில், எல்லாவற்றிலும் ஆள் படுத்திருந்தார்கள். விறகு நனைந்துவிட்டது, ஒருவர் எரிந்து முடிய நாள் முழுக்க ஆகிறது என்றார்கள்.

நிதாய் கியரைத் தள்ளி நியூட்ரலில் போட்டுவிட்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினான். நான், என் ஹெர்னியாவோடு, இடது பக்கம் தோள் கொடுத்தேன். குருமூர்த்தி வலது பக்கம். சிவலிங்கம் நடுவில். முன்னால் ஒரு கட்டில் நகர்ந்தது. தள்ளினோம். நின்றோம். இருட்டும் வரைக்கும் தள்ளிக்கொண்டிருந்தோம். அதற்குள் எங்களுக்குப் பின்னாலும் வரிசை முக்கைத் தாண்டிப் போய்விட்டது.